எழுபதைத் தாண்டி கப்பலேறிய பிக்கு

பிள்ளையார்பாளையத்துல இருந்து வர்ற ஒரு ஐயா. வயசு 71. ஆயுசு பூரா பட்டுத்தறியில உட்கார்ந்தவர். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுக்கிறார், ப்ராஸ்டேட் வீக்கமும் இருக்கு. "பசங்க சென்னையில இருந்து கப்பல் டூர் போகச் சொல்றாங்க. நானும் வீட்டம்மாவும் போலாமா டாக்டர்?"னு கேட்டார். சட்டைப்பையில ஒரு வாந்தி மாத்திரை அட்டை. அந்த மாத்திரைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஒரு கதை.

கி.பி. 640 வாக்கில் யுவான் சுவாங் நம்ம காஞ்சிக்கு வந்தார். அப்போ இது பல்லவர் தலைநகரம். இங்கிருந்து 3 நாள் கடல் பயணத்துல இலங்கைன்னு அன்றைய கணக்கு. ஆனா இலங்கையிலிருந்து தப்பி வந்த பிக்குகளை இங்கேயே சந்தித்தார். மன்னர் இறந்துட்டார், நாட்டுல பஞ்சம்னு அவங்க சொன்னதும் பயணத்தை விட்டுட்டார். சீனாவுல இருந்து இவ்வளவு தூரம் வந்தவர்! டிக்கெட் காசு போயிடுமேன்னு காய்ச்சலோட கிளம்புறவங்க இவரை நினைச்சுக்கோங்க.

ஆனா ஒருத்தர் ஏறினார். பாஹியான். அவருக்கு 200 வருஷத்துக்கும் மேல மூத்தவர். 411 வாக்கில் இலங்கையிலிருந்து ஊர் திரும்பக் கப்பலேறும்போது எழுபதைத் தாண்டியிருந்தார் என்கிறார்கள். 200 பேருக்கு மேல் இருந்த வணிகக் கப்பல். சில நாளிலேயே புயல். கப்பலில் ஓட்டை விழுந்து, சரக்கையெல்லாம் கடலில் எறிந்தார்கள். தன் சுவடிகளையும் எறிந்துவிடுவார்களோ என்பதுதான் அவர் பயம். ஜாவா பக்கம் இறங்கி 5 மாதம் தங்கி, வேறு கப்பல் பிடித்தார். அதில் 50 நாளைக்குத்தான் உணவும் தண்ணீரும். பயணமோ 70 நாளைத் தாண்டியது. குடிநீரை அளந்து கொடுத்து, கடல் தண்ணீரில் சமைத்தார்கள். புயலுக்கு இவர்தான் காரணம், ஏதாவது தீவில் இறக்கிவிடலாம்னு கூட சிலர் பேசினாங்க. கூட வந்த ஒரு புரவலர் சண்டை போட்டதால தப்பித்தார்.

ஒரு டாக்டரா படிச்சா இதுல எல்லாமே இருக்கு. பருவம், தண்ணீர், நமக்காகப் பேச ஒரு ஆள்.

முதல் பயணம் 2, 3 ராத்திரி போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் வேண்டாம், அது புயல் காலம். கேபின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி. கப்பல் மருத்துவ அறையில் முதலுதவி கிடைக்கும், ஆஞ்சியோ கிடைக்காது. அதனால கரைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கிற இன்சூரன்ஸ் பாருங்க. மாத்திரைகளும் சீட்டும் கைப்பையில இருக்கணும், பெட்டியில இல்லை. வயிற்றுப்போக்கு பரவினா சானிட்டைசரை நம்பாதீங்க, சோப்பு போட்டுக் கழுவுங்க.

இப்போ அந்த அட்டை. கப்பல் வாந்திக்கான மாத்திரை பலவும் தூக்கம் வரவைக்கிற ஆன்டிஹிஸ்டமின் வகை. ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவருக்கு சிறுநீர் சுத்தமா அடைச்சுக்கலாம். நடுக்கடலில், ராத்திரி 2 மணிக்கு. சில வகை க்ளாக்கோமா இருந்தாலும் ஆபத்து. அதே சமயம் வாந்தி நிக்காம நீர் மாத்திரையும் உள்ளே போனா உப்புச்சத்து இறங்கும், தலைசுத்தி விழுவாங்க. ரெண்டையும் கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட பேசிடுங்க.

ஐயாகிட்ட அட்டையை வாங்கி வெச்சுக்கிட்டேன். ஜனவரிக்கு மேல போங்கன்னேன். கீழ்த்தள உள்கேபின் பெரும்பாலும் விலையும் கம்மின்னு சொன்னப்போதான் அவர் முகம் மலர்ந்துச்சு.