கல்வெட்டில் இல்லாத உறவுகள்



நினைவுச் சொற்பொழிவு என்பதே ஓர் இழப்பை முன்வைத்துக் கூடுவதுதான். ஆகவே இழப்பைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். அப்பாவை, அம்மாவை, பிரிந்தவர்களை, இறந்தவர்களைப் பற்றித் தலித் கவிஞர்கள் எழுதும்போது நம் கூட்டங்களிலேயே ஒரு கேள்வி எழுகிறது. நிலத்தையும் அதிகாரத்தையும் பேச வேண்டிய நேரத்தில் குடும்பக் கவிதை எதற்கு? இந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன். அதற்கு இந்த உத்திரமேரூரிலிருந்தே தொடங்கலாம்.

இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை ஜனநாயகத்தின் சான்று என்று பள்ளியில் படித்தோம். கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வாரியத்துக்கு வருகிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் இருக்க வேண்டும். அது ஒரு பிரமதேயத்தின் சபை. இந்தத் தகுதிகளைப் படித்தாலே யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரிந்துவிடும்.

நான் காட்ட விரும்புவது அதற்கு அடுத்த பகுதியை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய உறவினரும் வர முடியாது. அந்த உறவினர் யார் யார் என்று கல்வெட்டு ஒவ்வொருவராக எண்ணுகிறது. தாயின் அக்காள் தங்கை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன். விலக்கி வைப்பதற்காகத்தான் என்றாலும், நிலமுள்ள ஒரு குடும்பத்தின் உறவுமுறை முழுவதும் கல்லில் ஏறியிருக்கிறது.

நம் குடும்பங்கள் எந்தக் கணக்கில் வந்தன? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ஊர்களின் இறையிலி நிலங்களைக் கழித்துச் சொல்லும் இடத்தில், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அந்தச் சேரிகளில் வாழ்ந்த தகப்பன் யார், மகன் யார் என்பது அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. நிலக்கணக்கில் சேரி இருந்தது, ஆள்கணக்கில் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். அன்று இந்த வட்டாரம் செங்கல்பட்டு ஜில்லா, மிராசுதார்களின் பூமி. படியாளாக இருந்தவர் பெரும்பாலும் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கித்தான் பண்ணையில் கட்டுண்டார். அந்தக் கடன் பிள்ளைக்கும் இறங்கியது. ஒரு குடும்பம் தொடங்குகிற நாளே அது அடிமைப்படுகிற நாளாகவும் இருந்தது. குடியிருந்த மனையும் மிராசுதாரின் பிடியில். எதிர்த்துப் பேசினால் வீடு போகும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை இந்த நிலையைத்தான் முன்வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் மூல ஆணையாக இன்றும் கையில் வைத்திருக்கிறோம்.

இதே காலத்தில் நம்மவர்களில் பலர் கப்பல் ஏறினார்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொரு ஆளுக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. நம்முடைய முன்னோரில் பலருக்குத் தகப்பன் பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது ஊரை விட்டும் உறவை விட்டும் பிரிகிற அந்த நேரத்தில்தான். ஆள் தப்பினால் பிடிப்பதற்கு அந்தத் தழும்பு. அது எப்படி வந்த தழும்பு என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

அந்தத் தழும்பின் கதையைத்தான் இன்றைய கவிஞர்கள் எழுதுகிறார்கள் என்பது என் வாதம்.

இராணிப்பேட்டை அருகே இலாலாப்பேட்டையில் பிறந்த சுகிர்தராணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் 'கைப்பற்றி என் கனவு கேள்', 2004இல் 'இரவு மிருகம்' என்று அவருடைய தொகுப்புகள் வந்தன. பலரும் அறிந்த அவருடைய கவிதை ஒன்றில், பறையடிக்கும் தகப்பனைத் தெருவில் கண்டதும் முகம் மறைத்து விலகிப்போகும் சிறுமி ஒருத்தி வருகிறாள். வளர்ந்தபின் தான் யார் என்பதை அவள் தயங்காமல் சொல்கிறாள். சாதி ஒரு பிள்ளையிடமிருந்து எதைப் பறிக்கிறது? கிணற்றையும் கோயிலையும் மட்டுமல்ல, பெற்ற தகப்பனைக் கண்டு ஓடிப்போய்க் கையைப் பிடிக்கும் உரிமையையும் பறிக்கிறது. எந்த விசாரணை கமிஷன் அறிக்கையிலும் இந்த இழப்புக்குப் பத்தி கிடையாது. அந்தச் சிறுமியின் வெட்கத்தை மறைக்காமல் எழுதியதால்தான் பின்னால் வரும் துணிவுக்கு எடை கூடுகிறது.

நமக்குப் பக்கத்து வந்தவாசிப் பகுதியிலிருந்து வந்தவர் உமாதேவி. 'திசைகளைப் பருகியவள்' எழுதிய கவிஞர். 2016இல் 'கபாலி' படத்துக்காக அவர் எழுதிய 'மாய நதி' பாடல், பல ஆண்டுகள் பிரிந்திருந்த கணவனும் மனைவியும் மீண்டும் சேரும் இடத்தில் வருகிறது. மலேசியாவுக்குத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே முதுமையில் காதலோடு நிற்கிறார்கள். கப்பல் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாடலைக் கேட்டுப் பாருங்கள்.

குடும்பத்தைப் புனிதப்படுத்தச் சொல்லவில்லை. பாமா 1994இல் 'சங்கதி'யில் சேரி வீட்டுக்குள் பெண்கள் வாங்கும் அடியையும் எழுதினார். ஊரில் அவமானப்பட்டவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைத் தீர்த்துக்கொள்வதும் நம் வரலாறுதான். உறவை எழுதுகிறவர் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இப்படி எழுதுவது போராட்டத்தைத் தளர்த்துமா? 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமாவையும் சுகிர்தராணியையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. வீட்டையும் உடலையும் எழுதும் எழுத்து ஆபத்தில்லாதது என்றால் எதற்காக நீக்க வேண்டும்? அதானி குழுமம் புரவலராக இருந்த விருதை 2023இல் சுகிர்தராணி மறுத்தார். தகப்பனைப் பற்றி எழுதிய அதே கைதான் அந்த மறுப்பையும் எழுதியது.

அண்ணல் அம்பேத்கர் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். 1926இல் ராஜரத்னா இறந்தபோது, தாம் உடைந்துபோனதை நண்பருக்குக் கடிதமாக எழுதினார். அடுத்த ஆண்டு மகாட் குளத்துக்கு மக்களை அழைத்துச் சென்றார். துக்கத்தை ஒத்துக்கொண்ட மனிதர்தான் அந்த நீரையும் அள்ளினார்.

1994 அக்டோபர் 10 அன்று, இதே பழைய செங்கல்பட்டு மண்ணில், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம். நமக்கு அவர்கள் தியாகிகள். வீட்டில் அவர்கள் பிள்ளைகள். முழக்கத்தில் முதலாவது அடங்கும். இரண்டாவதைச் சொல்லக் கவிதை வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் உங்கள் பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், யாருடைய பண்ணையில் நட்டார், எந்தப் பிள்ளையை எதனால் இழந்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது பாட்டி அழுதால், அந்த அழுகையையும் எழுதிக்கொள்ளுங்கள். கோயில் சுவரில் இல்லாத அந்தப் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.