பைத்தியக்காரர் என்று பெயரெடுத்த விஞ்ஞானி



சட்டைப்பை நிறைய விதைகளை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களின் பையிலெல்லாம் ஒருவர் திணித்தால் நாம் என்ன நினைப்போம்? "ஐயோ பாவம்" என்று ஒதுங்கிப் போவோம். அக்காலக் காப்பித் தோட்டத் துரைமார்களும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டமும் சூட்டினார்கள். அவர் கொடுத்ததோ ரப்பர் விதை!

ரப்பர் இந்த மண்ணில் பிறந்த மரமன்று. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். பெரும்பாலானவை முளைக்கவே இல்லை. முளைத்த வகையில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

1888-இல் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராக வந்தார். அதே ஆண்டில்தான் டன்லப் என்பவர் காற்றடைத்த சைக்கிள் டயருக்கு உரிமை பெற்றார். மாப்பிள்ளையும் பெண்ணும் தயார். தரகர் வேலையை ரிட்லி எடுத்துக்கொண்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்பட்டது. ரிட்லி பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். பட்டையைச் சாய்வாகக் கீறி, மறுமுறை அதே வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவினால், பால் முன்னைவிடக் கூடுதலாக வருவதைக் கண்டார். கறக்கக் கறக்கச் சுரக்கும் பசுவைப் போல! உள்ளே இருக்கும் கட்டையைத் தொடாவிட்டால் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும்.

1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் துணிந்து ரப்பர் பயிரிட்டார். பிறகு காப்பி விலை சரிந்தது. மோட்டார் வண்டி பெருகியது. சிரித்தவர்களே விதை கேட்டு வந்தார்கள். அந்தப் 'பைத்தியக்காரர்' 1956-இல், 100 வயது நிறைந்த பிறகே காலமானார்.

வெட்டும் முறையைக் கண்டவர் ரிட்லி என்று பாடநூல் சொல்லும். அது உண்மையே. ஆனால் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கட்டையில் காயம் படாமல் மரம் மரமாகச் சீவிய கை யாருடையது? நம் பாட்டன் பாட்டியுடையதல்லவா? ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரம் கெடும். அந்த அளவு அவர்கள் விரல்களில் இருந்தது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. வீட்டு மூலையில் துருப்பிடித்த உளி ஒன்று கிடந்தால், அதை எறிந்துவிடாமல் பிள்ளைகளிடம் காட்டுவோம். அதுவும் ஒரு விஞ்ஞானக் கருவிதான். அதைப் பிடித்தவர்களும் விஞ்ஞானம் அறிந்தவர்களே.