சுஸுவின் ஊரைத் தேடி: குரேயும் ஹிரோஷிமாவும்

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. இயர் எண்டிங், ஆடிட் எல்லாம் முடிந்து கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

மும்பை, டில்லி, புனே என்று நாம் எங்கே குடியேறியிருந்தாலும், நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான ஊர் ஒன்று உண்டென்றால் அது ஜப்பான்தான். உபயம்: அனிமே. என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஜப்பான் ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பாள். படத்தில் வரும் நிஜ இடங்களைத் தேடிப் போவதற்கு அங்கே 'செய்ச்சி ஜுன்ரெய்' என்று பெயராம். புண்ணியத்தல யாத்திரை என்று அர்த்தம். அவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்ததும், 2023 ஏப்ரலில், ஒரு எஃப்.டி.யை உடைத்துக் கிளம்பினோம்.

கிளம்புகிற அன்று அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க பெரிய மாமாவைக் கொண்டுபோனவன் ஊருக்கா போறீங்க?" என்று மட்டும் கேட்டார். பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் அந்த மாமா. ஜப்பான் ராணுவம் 1942, 43-ல் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. நான் பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் தேர்ந்தெடுத்த படம் 'இந்த உலகின் ஒரு மூலையில்'. கோனோ ஃபுமியோ என்ற பெண்மணி வரைந்த காமிக்ஸ் கதையை, கதாபுச்சி சுனாவோ படமாக இயக்கி 2016 நவம்பரில் வெளியிட்டார். முதலில் பணம் போட ஆள் இல்லை. 2015-ல் மக்களிடமே கேட்டார்கள். 2 கோடி யென் இலக்கு. 3,374 பேர் சேர்ந்து 3.9 கோடி யென் கொடுத்தார்கள். லோன் செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு மனதில் நின்றுவிட்டது :-)

கதை எளிமையானது. ஹிரோஷிமாவின் எபா பகுதியில் பிறந்த சுஸு, படம் வரைவதில் பிரியமுள்ள பெண். 1944 பிப்ரவரியில் குரேக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். பிறகு ரேஷன், பதுங்குகுழி, குண்டுவீச்சு. இதற்கு நடுவிலும் சமையல், துணி தைப்பது, நாத்தனாரின் முணுமுணுப்பு. அரிசியை வறுத்து, ஊறவைத்து, அளவைப் பெருக்கிக் காட்டும் ஒரு பஞ்சகாலச் சோறு படத்தில் வருகிறது. நம் பாட்டிகள் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஹிரோஷிமாவிலிருந்து குரேக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். வலதுபக்க ஜன்னலில் கடல் கூடவே வரும். அந்தக் காலத்தில் குரே நெருங்கும்போது கடல்பக்க ஜன்னல்களை மூடிவிட வேண்டும். துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. படத்தில் சுஸு மலைச்சரிவில் நின்று கப்பலை வரைந்ததற்காக ராணுவப் போலீஸ் வீடுவரை வந்துவிடுகிறது.

குரே சாதாரண ஊர் இல்லை. ஜப்பான் கடற்படையின் பெரிய கப்பல் கட்டும் தளம். உலகிலேயே பெரிய போர்க்கப்பலான யமாத்தோ 1941 டிசம்பரில் இங்கேதான் கட்டி முடிக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 7 அன்று அது மூழ்கியபோது, கப்பலில் இருந்த 3,332 பேரில் பிழைத்தவர்கள் 276 பேர். அதன் பத்தில் ஒரு பங்கு மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவே 26 மீட்டர் நீளம்! எங்கள் ஊர்த் தேரை அதன் பக்கத்தில் நிறுத்தினால் சின்னதாகத்தான் தெரியும்.

சுஸு நடந்துபோகும் வழியிலுள்ள மூன்று பழைய கிடங்குகள் அப்படியே இருக்கின்றன. 1809-ல் கட்டியவை. மகள் போனில் படக்காட்சியை வைத்துக்கொண்டு, அதே கோணம் கிடைக்கும்வரை என்னை நகர்த்திக்கொண்டே இருந்தாள். தங்கமணி நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். மலைச்சரிவில் ஏறித் திரும்பிப் பார்த்தால் ஊர், கிரேன்கள், கடல் எல்லாம் ஒரே பார்வையில். 1945 மார்ச் 19-ல் விமானங்கள் வந்தது, ஜூன் 22-ல் ஆயுதத் தொழிற்சாலையில் குண்டு விழுந்தது, ஜூலை 1 இரவில் ஊர் எரிந்தது, எல்லாம் இந்தக் கிண்ணம் போன்ற இடத்துக்குள்தான். படத்தில் ஜூன் 22-க்குப் பிறகு நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. மகள் அந்த இடத்தில் படமே எடுக்கவில்லை.

மறுநாள் ஹிரோஷிமா. நான் தப்பாக நினைத்திருந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அமைதிப் பூங்கா இருக்குமிடம் எப்போதும் திறந்தவெளியாகவே இருந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். பார்க்கிற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது நகாஜிமா என்ற பேட்டை. கடைகள், சினிமா, கோயில்கள், குடித்தனங்கள் நிறைந்த நெருக்கமான கடைவீதி. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அது இல்லாமல் போனது. அந்த மண்ணின் மேல்தான் பூங்கா. கீழே தோண்டிக் கண்ட வீட்டுத் தரையையும் தெருவையும் 2022 மார்ச்சிலிருந்து அங்கேயே ஒரு சிறு கட்டடத்தில் காட்டுகிறார்கள்.

படம் தொடங்குவது இந்தப் பேட்டையில்தான், 1933 டிசம்பரில். சிறுமி சுஸு தெருவில் நடக்கிறாள். ஒரு நிமிடம்கூட நிற்காத காட்சி. அதற்காக இயக்குநர், அங்கே வாழ்ந்து உயிர் தப்பியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். எந்தக் கடை எங்கே, பலகை எப்படி, வாசலில் யார் நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாக வரைந்தார். அதில் ஒரு முடிதிருத்தும் கடையும் உண்டு. அந்த வீட்டில் பிழைத்தது வெளியூருக்கு அனுப்பப்பட்டிருந்த ஒரு பையன் மட்டும். கிழவராகி, திரையில் தன் வீட்டாரை மறுபடி பார்த்தார்.

அந்தத் தெருவில் எஞ்சியிருப்பது ஒரே கட்டடம். 1929-ல் கட்டிய தாய்ஷோயா என்ற கிமோனோ கடை. சிறுமி சுஸு தன் மூட்டையைச் சரிசெய்ய நிற்பது அதன் சுவரோரம். போர்க்காலத்தில் எரிபொருள் ரேஷன் அலுவலகமானது. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து 170 மீட்டர்தான். நொமுரா எய்ஸோ என்ற 47 வயது ஊழியர் ஒரு ஃபைலை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கிய நேரம் அது. அவர் பிழைத்து 1982 வரை வாழ்ந்தார். ஃபைல் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இப்போது அவர் ஞாபகம்தான்.

படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு இடத்துக்கும் நான் பிடிவாதமாகப் போனேன். ஜப்பான் மத்திய வங்கியின் பழைய ஹிரோஷிமா கிளை. 1936-ல் கட்டியது, 380 மீட்டர் தூரம். ஷட்டர் மூடியிருந்த கீழ்த்தளங்கள் தப்பின, திறந்திருந்த மூன்றாம் தளம் எரிந்தது. இரண்டே நாளில், ஆகஸ்ட் 8 அன்று, கவுண்டரைத் திறந்துவிட்டார்கள். இடிந்துபோன மற்ற வங்கிகளுக்கும் அதே கூடத்தில் இடம் கொடுத்தார்கள். அந்தக் கவுண்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கடமை உணர்வா, வேறென்ன செய்வதென்று தெரியாத நிலையா? எனக்கு விடை கிடைக்கவில்லை.

அம்மாவின் கேள்வி மட்டும் கூடவே வந்தது. படம் அதை மறைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று சரணடைந்த செய்தி கேட்டு அழும் சுஸு, தான் சாப்பிட்டு வளர்ந்த அரிசியும் சோயாவும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவை என்று உணர்கிறாள். வேறு மக்களிடமிருந்து பலவந்தமாக வந்தவை. ஹிரோஷிமாவில் கொரியர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 1970-ல் எழுப்பிய அவர்களுடைய நினைவுத்தூண் பூங்காவுக்கு உள்ளே வந்தது 1999-ல்தான். நினைவிலும் உள்ளே, வெளியே என்று உண்டு போலிருக்கிறது.

பூங்காவின் நடுவே வளைவு போன்ற நினைவுச்சின்னம். அதன் கீழே கல் பெட்டிக்குள் இறந்தவர்களின் பெயர்ப் பேரேடுகள். ஒவ்வொரு ஆகஸ்ட் 6 அன்றும் புதிய பெயர்கள் சேரும். 3,40,000-ஐத் தாண்டிவிட்டது. வருடா வருடம் மே மாதம் வெளியே எடுத்துக் காற்றாட வைக்கிறார்கள். அதில் ஒரு பேரேட்டின் பக்கங்களில் எந்தப் பெயரும் இல்லையாம். பெயர் தெரியாமல் இறந்தவர்களுக்காக அது.

முப்பது வருடம் நெருங்குகிறது நான் லெட்ஜர் பார்க்க ஆரம்பித்து. என்ட்ரி இல்லாத லெட்ஜரைப் பத்திரமாக வைத்திருப்பதை அங்கேதான் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்தப் பேரேட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் ஊர்க்காரனுக்கு அவன் எழுதுறான். மாமாவுக்கு யார் எழுதறது?" என்றார். என் மகள் நோட்டை எடுத்து, "பேரு என்ன பாட்டி?" என்று கேட்டாள். அம்மா பெயர் சொன்னார், அப்பா பெயர் சொன்னார், ஈப்போ பக்கம் ஏதோ தோட்டம் என்றார். மூன்று வரிதான் தேறியது. மகள் எழுத்துக்கூட்டித் தமிழிலேயே எழுதினாள். ஒரு இடத்தில் 'ழ' தப்பு. நான் திருத்தவில்லை.

உங்கள் வீட்டிலும் பர்மா, மலாயா, சிலோன் என்று போய் வராதவர் யாராவது இருப்பார். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். படத்தையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் கைக்குட்டை இருக்கட்டும்.