மலையைச் சுமந்த புகைவண்டிகள்

பனாமாக் கால்வாயை வெட்டியவர் யார் என வினவினால், பொறியியல் வல்லுநர் சிலரின் பெயரைக் கூறுவோர் உளர். பிரமாண்டமான நீராவி மண்வாரிகளைக் காட்டுவோரும் உளர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும், வெட்டிய மண் வெட்டிய இடத்திலேயே கிடக்குமாயின் கால்வாய் ஏது? அம்மண்ணை இழுத்துச் சென்ற நீராவி எஞ்சின்களைப் பற்றியும், அவற்றோடு உழன்ற மக்களைப் பற்றியும் பேசுவோர் மிகக் குறைவு. அக்குறையை ஈண்டு ஒரு சிறிது நிரப்ப முயல்வோம்.

சூயஸ் கால்வாயை 1869-இல் முடித்துப் பெரும்புகழ் பெற்ற லெஸ்ஸெப்ஸின் தலைமையில், பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 1881-இல் பனாமாவில் வேலை தொடங்கிற்று. சூயஸில் கண்டது மணற்பரப்பு; பனாமாவில் கண்டதோ குன்றும் பாறையும் ஓயாத மழையும். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளரை வாரிக்கொண்டு போயின. மாண்டோர் தொகையைச் சுமார் 22,000 என மதிப்பிடுவர். 1889-இல் கம்பெனி முறிந்தது. நோயும் பணமுடையும் மட்டுமே இதற்குக் காரணம் என எண்ணுதல் தவறு. அவர்களுடைய எஞ்சின்கள் சிறியவை, தண்டவாளங்கள் இலேசானவை. வெட்டிய மண்ணை அருகிலிருந்த பள்ளத்தாக்குகளிலேயே கொட்டினர். மழையில் அது சரிந்து இருப்புப்பாதையையே மூடிற்று.

1904-இல் அமெரிக்க அரசாங்கம் அவ்வேலையை ஏற்றது. மறு ஆண்டு ஜூலையில் தலைமைப் பொறியியலாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ், இருப்புப்பாதை அமைப்பதில் முதிர்ந்த அனுபவமுடையவர். விரைந்து தோண்டுமாறு தாய்நாட்டில் கூக்குரல் எழுந்துகொண்டிருக்க, அவர் செய்த முதற்காரியம் யாது? தோண்டுவதை நிறுத்தியதே! குடியிருக்க வீடு, உண்ண நல்லுணவு, கொசுவை ஒழிக்கும் டாக்டர் கார்கஸின் சுகாதார வேலை ஆகியவற்றிற்கு முதலிடம் தந்தார். பின்னரே இருப்புப்பாதையில் கை வைத்தார். கால்வாய் வெட்டுதல் என்பது அடிப்படையில் மண்ணைக் கொண்டுசெல்லும் வேலையே என்பது அவர் கண்ட உண்மை.

1855-இல் திறக்கப்பட்ட பழைய பனாமா ரயில்பாதையின் அகலம் 5 அடி. அமெரிக்காவில் வழக்கமான அகலமோ 4 அடி 8½ அங்குலம். ஆதலின் இவ்வேலைக்கென்றே கனத்த எஞ்சின்களைத் தனியாகச் செய்வித்துத் தருவித்தனர். கனமான தண்டவாளங்களும் வந்தன. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்று காட்டில் துருவேறிக் கிடந்த பெல்ஜிய எஞ்சின்கள் பலவும் செப்பனிடப்பெற்று உழைத்தன.

சுமார் 9 மைல் நீளமுள்ள குலெப்ரா வெட்டிலே ஸ்டீவன்ஸ் வகுத்த முறை மிக எளியது. நடுப்பகுதி உயர்ந்தும் இருமுனைகளும் தாழ்ந்தும் இருக்குமாறு தோண்டினர். மண் நிறைந்த வண்டிகள் இறக்கத்தில் ஓடின. வெறும் வண்டிகள் ஏற்றத்தில் திரும்பின. மழைநீரும் அதே சரிவில் இருபுறமும் வடிந்தது. ஒரே சரிவு இரண்டு வேலைகளைச் செய்தது.

வண்டிகளின் பாரத்தை இறக்க ஒரு கருவி இருந்தது. ஒரு பக்கம் திறந்த தட்டை வண்டிகளைத் தொடராகப் பிணைத்து, அவற்றின்மேல் பெரிய கலப்பை ஒன்றை இரும்புக் கயிற்றால் இழுப்பர். இழுக்கும் யந்திரத்திற்கு நீராவி தந்ததும் எஞ்சினே. இருபது வண்டிகளின் மண் சுமார் 10 நிமிஷத்தில் கீழே விழும். மண்வாரிகள் நகரும்தோறும் தண்டவாளமும் இடம் மாறவேண்டும். அதன்பொருட்டு, பாதையை அப்படியே தூக்கி நகர்த்தும் யந்திரமொன்றை ரயில் அதிகாரியான பியர்ட் என்பவர் அமைத்தார். இவ்வாறு அகற்றிய மண் வீண்போகவில்லை. காட்டூன் அணைக்கும் பசிபிக் கரையின் அலைதடுப்புக்கும் பயன்பட்டது.

இனி மக்களைக் காண்போம். எஞ்சினை ஓட்டியோர் வெள்ளை அமெரிக்கர். அவர்களுக்குப் பொன் நாணயத்தில் சம்பளம். தண்டவாளம் இட்டவரும், பிரேக் பிடித்தவரும், வெடிமருந்து சுமந்தவரும் பெரும்பாலும் பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள். அவர்களுக்கு வெள்ளி நாணயத்தில் சொற்பக்கூலி. வீடும் கடையும் ஆஸ்பத்திரியும் கூடப் பொன்னென்றும் வெள்ளியென்றும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு தண்டவாளத்தின் மேல் உழைத்தவர்களை ஒரு தபால் சாளரத்தின் முன் நிற்க விடவில்லை! மண்வாரிகளின் இரைச்சலில் வரும் வண்டியின் ஓசை கேளாமல் அடிபட்டு மாண்டோர் பலர். 1904 முதல் 1914 வரை நோயாலும் விபத்தாலும் இறந்தோர் 5,609 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. அவருள் சுமார் 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர். கொசுவை வெல்லத் தெரிந்த அறிவு, நிற வேற்றுமையை வெல்ல முயலவும் இல்லை.

1913-இல் வெட்டின் அடியிலிருந்த தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தனர். அக்டோபர் 10-ஆம் நாள் கம்போவா அணைகரை தகர்க்கப்பட்டது. வண்டிகள் ஓடிய வழியில் நீர் நிறைந்தது. 1914 ஆகஸ்டு 15-இல் அன்கான் என்னும் கப்பல் அவ்வழியே சென்று கால்வாயைத் திறந்து வைத்தது.

அந்நீருக்கு மேலே கப்பல்கள் செல்கின்றன. கீழே புகைவண்டி சென்ற சுவடு ஒன்றும் இல்லை. யந்திரத்தின் சுவடு அழிவதில் குற்றமில்லை. அதன் வேலை முடிந்தது. வெள்ளிக்கூலி பெற்று மடிந்தவரின் நினைவும் அதனோடு அழிவதே குற்றம். கால்வாயின் வரலாற்றைக் கூறுவோர், தலைவர் பெயரோடு அவ்வெண்ணையும் சேர்த்துக் கூறுவாராக.