இடக்கைத் துப்பாக்கி ஏன் விலை ஏறுகிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் வேட்டைக்கும் சம்பந்தம் கிடையாது. நான் சைவம். துப்பாக்கியைத் தொட்டது பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி.

2022 நவம்பரில் ஆபீஸ் வேலையாக பென்சில்வேனியாவில் இருந்தேன். நன்றி நவிலும் நாள் முடிந்த வாரம் டீமில் பாதிப் பேர் லீவு. மான் வேட்டை சீசனாம். பக்கத்து சீட்காரர் மட்டும் வந்திருந்தார். காரணம் கேட்டேன். "துப்பாக்கி அமையவில்லை" என்றார். வீட்டில் அவர் அப்பா விட்டுப்போன துப்பாக்கி இருக்கிறது, ஆனால் அது வலக்கைத் துப்பாக்கி. இவர் இடக்கைக்காரர். செகண்ட் ஹேண்டில் இடக்கை மாடல் தேடினால் விலை கையைக் கடிக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதையெல்லாம் யாரும் சீண்டவில்லை என்று புலம்பினார்.

நானும் இடக்கைக்காரன்தான், எங்கள் ஊர் பாஷையில் பீச்சாங்கை. விடுவேனா? ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

போல்ட் ஆக்‌ஷன் என்பது நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் காலித் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். கைப்பிடியும், கூடு தெறிக்கும் திறப்பும் வலப்பக்கம் இருக்கும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இது சுகம். இடது தோளில் வைப்பவரின் கன்னம் கட்டையின் வலப்பக்கம் படியும். அதாவது அந்தத் திறப்புக்கு அருகில். தோட்டாக்கூடு வெடித்துக் கிழிந்தால் சூடான வாயு வரக்கூடிய பக்கமும் அதுதான். போதாததற்கு, இடது கையை விசையிலிருந்து எடுத்து, துப்பாக்கிக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு போய் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தில் அந்த ஸ்னைப்பர் ஜாக்சனைப் பாருங்கள், படம் முழுக்க இந்தக் கூத்துதான்.

இது ஏன் இப்படி அமைந்தது என்றால், பட்டாளத்துக்காகச் செய்த பொருள் இது. பிரஷ்யாவின் டிரெய்ஸ ஊசித் துப்பாக்கி 1841, ஓபர்ன்டார்ஃப் ஊர் மௌசர் சகோதரர்களின் முதல் பெரிய மாடல் 1871, பிறகு 1898 மாடல். இன்றைய வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அந்த 1898 மௌசரின் பேரன் பேத்திகள்தான். ராணுவத்துக்கு ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வேண்டும். சிப்பாயின் கை இடதாக இருந்தால் சிப்பாயை மாற்றுவார்கள், துப்பாக்கியை மாற்ற மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்ததும் அதுதான். ஸ்கேலால் இரண்டு தட்டு, பென்சில் வலது கைக்கு வந்துவிட்டது. இன்னும் வலது கையில்தான் எழுதுகிறேன், கோழி கிண்டின மாதிரி.

நண்பரின் அப்பாவும் அப்படித்தானாம்! பிறவியில் இடக்கை, பள்ளியில் மாற்றப்பட்டவர், கடைசிவரை வலது தோளில்தான் சுட்டார். மகனை யாரும் மாற்றவில்லை. இந்த ஒரு குடும்பத்துக் கதையில் விலை உயர்வின் பாதி அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1986-ல் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை வாசனை அறியும் திறன் பற்றி ஒரு சர்வே நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேல் பதில்கள். கூடவே எந்தக் கை என்றும் கேட்டிருந்தார்கள். கில்பர்ட், வைசாக்கி இருவரும் 1992-ல் அதை அலசியபோது, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களில் இடக்கைக்காரர்கள் சுமார் 4 சதவீதம், நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர்களில் சுமார் 12. மனிதர்கள் மாறவில்லை, அடிப்பது நின்றது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதாவது இடது தோளில் துப்பாக்கி வைக்கக்கூடிய கூட்டம் ஒரு தலைமுறைக்குள் மூன்று மடங்கு. இடது கண் ஓங்கியவர்கள் தனிக் கணக்கு, வலக்கைக்காரர்களிலும் அப்படிப் பலர் உண்டு.

கம்பெனிகள் இதை மெதுவாகத்தான் கவனித்தன. அதுவரை கைவேலைக்காரர்கள் வலக்கை போல்ட்டில் இடப்பக்கம் ஒரு கைப்பிடியைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஆனாலும் கூடு வலப்பக்கம்தான் தெறிக்கும். 1958-ல் நிக்கோலஸ் ப்ரூவர் வடிவமைத்த சாவேஜ் 110 வந்தது. அடுத்த ஆண்டே அதன் முழு இடக்கை வடிவமும் வந்தது. அதில் ஒரு அழகு. குழலை ஒரு நட்டு போட்டு ரிசீவரில் இறுக்குகிறார்கள். குழலுக்கு இடம் வலம் கிடையாது. ஆக ரிசீவரும் போல்ட்டும் கட்டையும்தான் கண்ணாடி பிம்பமாக வேண்டும். ரெமிங்டன் 700-ன் இடக்கை மாடல் எழுபதுகளில் வந்தது.

'இப்போதுதான் சிஎன்சி இயந்திரம் இருக்கிறதே, மிரர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதாதா?' என்று என்னைப் போன்ற புரோகிராமருக்குத் தோன்றும். வெட்டுவது சுலபம்தான். ஆனால் ஒரு மாடலுக்குப் பத்து தோட்டா அளவு, இரண்டு குழல் நீளம், மூன்று வகைக் கட்டை என்றால் 60 விதம். இடக்கையையும் சேர்த்தால் 120. அந்தக் கூடுதல் 60-ஐ வாங்க பத்தில் ஒருவர்தான் வருவார். அதனால் .270 வின்செஸ்டர், .30-06 மாதிரி ஓடுகிற அளவுகளில் மட்டும் கொஞ்சம் செய்து நிறுத்திவிடுவார்கள். மற்ற அளவு வேண்டுமென்றால் பழசுதான் கதி. பழசோ முதலிலேயே கொஞ்சம்தான்.

அப்படியானால் நண்பர் சொன்ன மாதிரி முன்பு ஏன் மலிவாகக் கிடந்தது? இதுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த கேள்வி. பொருள் அரிது, வாங்குபவரும் அரிது. ஒரு சின்ன ஊர்க் கடையில் இடக்கைத் துப்பாக்கி மாட்டியிருக்கும், அதற்கு வேண்டிய ஆள் 500 மைல் தள்ளி இருப்பார். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கடைக்காரர் தள்ளுபடியில் தள்ளிவிடுவார். 1999-ல் ஈபே துப்பாக்கி விற்பனையைத் தடை செய்தது, அதே ஆண்டு கன்புரோக்கர் ஏலத்தளம் தொடங்கியது. 1968 சட்டப்படி வேறு மாநிலத்துப் பொருளை உள்ளூர் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கையில் வாங்க முடியும், அதற்கும் வழி இருந்தது. நாடு முழுக்க சிதறிக் கிடந்த இடக்கைக்காரர்கள் ஒரே பொருளுக்கு ஏலம் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு மலிவு எங்கே?

அதன்மேல் ஆலைகள் மூடப்பட்டன. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-ல் போயிற்று. 1816-ல் தொடங்கிய ரெமிங்டன் 2018-லும் 2020-லும் திவால், துண்டு துண்டாக ஏலம். (பழைய இலியன் ஆலை 2024-ல் மூடியது, அது நான் ஊர் திரும்பிய பிறகு.) 2020 கொரோனா ஆண்டில் எஃப்பிஐ-யின் துப்பாக்கிப் பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம், முந்தைய ஆண்டு 2 கோடியே 84 லட்சம்.

ஒன்றைச் சொல்லவேண்டும், எல்லா இடக்கைத் துப்பாக்கிக்கும் இந்த மவுசு இல்லை. சாவேஜ், ரூகர், டிக்கா எல்லாம் இன்றும் புதுசாக விற்கிறார்கள். ஏறுவது நின்றுபோன மாடல்கள், வால்நட் கட்டை போட்டவை, அபூர்வ அளவுகள். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் 70-க்குக் கிடைக்கும் விலை ஞாபகத்துக்கான விலை, அலமாரியில் வைக்க வாங்குவார்கள். இது தோளில் வைக்க வாங்குவது.

நம்மூரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக வேட்டை முடிந்தது, இந்தச் சந்தையே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நண்பர் மறு வருஷம் ஒரு பழைய இடக்கை சாவேஜ் வாங்கிவிட்டதாக போட்டோ அனுப்பினார். என்ன விலை என்று கேட்டேன், "மனைவிக்குத் தெரியாத விலை" என்றார். அப்பாவின் துப்பாக்கியை விற்கவில்லை. பையனுக்கு வைத்திருக்கிறாராம். பையன் வலக்கைக்காரன்.