பார்த்ததும் துண்டு போடு: கெர்னலுக்குள் ஒரு குட்டி வரலாறு

புதுக்கோட்டை புதிய பேருந்து நிலையத்தில் பொங்கல் கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சீட் காலி. சுற்றி வந்து ஏறுவதற்குள் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் நம்மாட்கள் பார்த்தவுடனேயே துண்டை வீசிவிடுகிறார்கள். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே செயல்!

கணினிக்கும் இதே தலைவலி உண்டு. ஒரு கோப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கெர்னல் ஒரு எண்ணில் கணக்கு வைத்திருக்கும். இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும். பிறகு, இன்னும் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நினைவகத்தையே கெர்னல் விடுவித்துவிடும். அவ்வளவுதான், கணினி படுத்துவிடும்.

இதற்கு மருந்துதான் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளை. "நான் பார்த்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் புதியதை எழுது." ஐபிஎம்மின் சிஸ்டம்/370 கணினிகளில் 1970-களிலேயே இது இருந்தது. ஆனால் 1985-ல் வந்த இன்டெல் 386-ல் இல்லை! 1989-ல் 486 வந்த பிறகுதான் கிடைத்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கியதோ ஒரு 386 கணினியில். அதனால் கெர்னல் பல வருடங்கள் ஒரு ஒப்பேற்று வேலை செய்தது: 386 என்றால் இன்டரப்ட்களை நிறுத்து, சாதாரணக் கட்டளைகளால் ஒப்பிட்டு எழுது, மறுபடி திற. ஒரே பிராசசர்தானே, அது போதும். கடைசியில் 2013 பிப்ரவரியில் வெளியான 3.8 பதிப்பில் 386-க்கு விடை கொடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டை இடித்த மாதிரிதான். ஆனாலும் சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, கட்டளை இருந்தால் போதுமா? போதாது. பல பிராசசர்கள் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டால், அது ஒரு கேஷிலிருந்து இன்னொரு கேஷுக்கு அலைந்துகொண்டே இருக்கும். நேரமெல்லாம் அந்த அலைச்சலுக்கே போய்விடும். இங்கேதான் நம் பக்கத்து ஊர் பெங்களூர் வருகிறது. அங்கே ஐபிஎம்மில் இருந்த தீபங்கர் சர்மா, மனீஷ் சோனி இருவரும் அமெரிக்காவின் பால் மெக்கென்னியுடன் சேர்ந்து ஆர்சியு முறையை லினக்ஸுக்குக் கொண்டுவர உழைத்தார்கள். 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் அது சேர்ந்தது. வெறுமனே படிக்க வருபவர் பூட்டும் போட வேண்டாம், கம்பேர்-எக்ஸ்சேஞ்சும் செய்ய வேண்டாம். கோப்புப் பெயர்களைத் தேடும் டி-கேஷ் இதனால் நன்றாகவே வேகமெடுத்தது.

அப்படியும் கணக்கை ஏற்றி இறக்கத்தான் வேண்டும். 2013-ல் வந்த லாக்ரெஃப், பூட்டையும் கணக்கையும் ஒரே 64 பிட்டில் அடைத்தது. பூட்டு திறந்திருந்தால், அதைத் தொடாமலே ஒரே கம்பேர்-எக்ஸ்சேஞ்சில் கணக்கை மாற்றிவிடலாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த தந்திரம் இதுதான்.

2017-ல் பீட்டர் ஜில்ஸ்ட்ரா இன்னும் நுணுக்கிப் பார்த்தார். மாற்றம் நடந்ததா இல்லையா என்று இன்டெல் பிராசசர் ஒரு ஃபிளாக்கில் தானே சொல்லிவிடுகிறது; நிரலோ பழைய மதிப்பை வாங்கி மறுபடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது! ட்ரை-கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் என்ற புதிய வடிவம் அந்த ஃபிளாக்கையே நேராகப் பயன்படுத்தியது. 2022 முதல் ஊரோஸ் பிசாக் என்பவர் கெர்னலின் மூலைமுடுக்கெல்லாம் பழைய வடிவத்தைத் தேடிப்பிடித்து மாற்றி அனுப்பினார். மிச்சமானது ஒவ்வொரு இடத்திலும் ஓரிரண்டு கட்டளைகள்தான்.