கட்டுமரச் சீரமைப்பு

கட்டுமரச் சீரமைப்பு என்பது, கடலில் நனைந்து பழுதடைந்த அல்லது நெடுநாள் கரையில் கிடந்த பாய்க்கட்டுமரத்தைப் பிரித்து, உலர்த்தி, பழுதுபார்த்து மீண்டும் கடலுக்கு ஏற்றதாக்கும் மரபுவழித் தொழில்நுட்பம் ஆகும். இது சோழமண்டலக் கரை முழுவதும் வழக்கிலிருந்தது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்கள் உள்நாட்டில் அமைந்தவை. எனினும், திண்டிவனத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலுள்ள மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையான விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் பல மீனவக் குப்பங்கள் உள்ளன.

வரலாறு

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயன் கடலின் பெரிப்ளசு என்னும் கிரேக்க நூல், இக்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்யப்பட்ட "சங்கரா" என்னும் பெரிய கலங்களைக் குறிப்பிடுகிறது. அந்நூல் கூறும் "சோபட்மா" துறைமுகம் மரக்காணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆங்கிலேயக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியான தம் பயண நூலில் கட்டுமரத்தை விவரித்தார். தமிழ்ச் சொல்லான "கட்டுமரம்" ஆங்கிலத்தில் "கேட்டமரன்" ஆயிற்று. ஆனால் இன்று அச்சொல், இரண்டு உடற்பகுதிகளைக் கொண்ட வேறு வகைக் கலத்தையே பெரும்பாலும் குறிக்கிறது.

அமைப்பு

கட்டுமரத்தில் ஆணி இல்லை. செதுக்கப்பட்ட மென்மரத் துண்டுகள் அருகருகே வைக்கப்பட்டு, முன்னும் பின்னும் கயிற்றால் பிணைக்கப்படுகின்றன. நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓரமரங்கள் உயர்ந்தும் இருக்கும். முன்பகுதியான அணியம் மேல்நோக்கி வளைந்திருக்கும். கட்டு சிறிது நெகிழ்வதால் கரையோர அலைகளின் மோதலைக் கலம் தாங்குகிறது. மேலே வரும் நீர் மர இடுக்குகளின் வழியே வடிந்துவிடுவதால், நீரை இறைக்க வேண்டியதில்லை.

சீரமைக்கும் முறை

1. பிரித்தல்: மென்மரம் நீரை உறிஞ்சி எடை கூடும், மிதக்கும் திறனும் குறையும். ஆகவே கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர்.
2. சோதித்தல்: கயிறு பதியும் வெட்டுகள், மரத்தின் முனைகள், அடிப்பக்கம் ஆகியவற்றில் அழுகலும் கப்பல் புழுத் துளைகளும் உள்ளனவா என்று பார்ப்பர்.
3. செதுக்கல்: சிறு பழுதை வாய்ச்சியால் செதுக்கி நீக்குவர். மிகவும் பழுதுற்ற மரத்தை மட்டும் மாற்றினால் போதும். மற்றவை தொடர்ந்து பயன்படும்.
4. கட்டுதல்: மரங்களை உரிய வரிசையில் அடுக்கி, குறுக்குக்கட்டைகளை வைத்துக் கயிற்றால் இறுக்குவர். நைந்த கயிற்றை மீண்டும் பயன்படுத்துவதில்லை. கடலில் கட்டு அவிழ்ந்தால் மீனவரின் உயிருக்கே ஆபத்து.
5. பாய்: முக்கோண வடிவப் பருத்திப் பாயின் கிழிசல்களைத் தைத்து, ஈரமின்றி உலர்த்துவர். விடியுமுன் தரைக்காற்றில் கடலுக்குச் சென்று, பின்னர் கடற்காற்றில் கரை திரும்புவதற்குப் பாய் இன்றியமையாததாக இருந்தது.

விசைப்படகுகளின் பழுதுகள் பெரும்பாலும் கிழக்குக் கரை மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை) நீக்கப்படுகின்றன. கட்டுமரத்துக்கோ, ஒவ்வொரு முறை கரை திரும்பும்போதும் பராமரிப்பு நடைபெற்றது.

இன்றைய நிலை

தகுந்த மென்மரம் கிடைப்பது அரிதாகி, அதன் விலையும் உயர்ந்ததால் 1990களில் கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் கலங்களை இழந்த மீனவர் பலருக்கு உதவியாகக் கிடைத்தவையும் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அவற்றில் பொறி பொருத்தப்பட்டதால் பாயின் தேவையும் குறைந்தது. கட்டுமரத்தின் பழுதை மீனவர் தம் கையாலேயே நீக்க இயலும். கண்ணாடியிழை உடைந்தால் பிசினும் இழைப்பாயும் விலைக்கு வாங்க வேண்டும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும் ஏட்டில் எழுதப்படாமல், பார்த்தும் செய்தும் கற்கப்பட்டவை. ஆதலால் கட்டுமரங்கள் குறையக் குறைய, இவ்வறிவும் மூத்த மீனவரோடு மறையும் நிலையில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

கட்டுமரம்
மரக்காணம்
சோழமண்டலக் கடற்கரை